கப்பலில் தெருமுனை மெடிக்கல் கிடையாது

அப்பாவுக்கு இரவு ஏழரைக்கு இன்சுலின் போட வேண்டும். ஏழு மணியாகியும் எங்கள் பெட்டி கேபினுக்கு வந்து சேரவில்லை. இன்சுலின் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கப்பல் சிங்கப்பூர்க் கரையை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை. அம்மாவுக்கு 66, முட்டிவலி. திருச்சியிலிருந்து விமானத்தில் வந்தபோது இன்சுலினைக் கைப்பையில்தான் பத்திரமாகக் கொண்டுவந்தோம். தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கினோம் பாருங்கள், அங்கேதான் கோளாறு. "பெட்டியெல்லாம் டெர்மினல் வாசல்லயே வாங்கிக்குவாங்கப்பா, கையை வீசிக்கிட்டு ஏறலாம்" என்று அவள் சொன்னதும் அப்பாவுக்குக் குஷி. இன்சுலின் பேனா, ஊசி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்கு மாற்றிவிட்டு, உண்மையிலேயே கையை வீசிக்கொண்டு ஏறினார்.

வரவேற்பு மேஜைக்குப் போன் செய்தேன். உங்கள் பெட்டி பாதுகாப்புச் சோதனையில் நிற்கிறது, நீங்கள் நேரில் வந்து திறந்து காட்ட வேண்டும் என்றார்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறை. எங்களைப் போல இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள், ஆளுக்கொரு பெட்டியோடு, பரீட்சையில் பிடிபட்ட முகங்களோடு நின்றன. எங்கள் பெட்டியைத் திறந்தால், அம்மாவின் சுங்குடிப் புடவை ஒன்றுக்குள் பிள்ளையைச் சுற்றிவைத்தது போல ஓர் எலக்ட்ரிக் கெட்டில்.

"ராத்திரி அப்பாவுக்கு வெந்நீர் வேணும்ல" என்றாள் அம்மா.

கெட்டிலை வைத்துக்கொண்டு, ஓர் அட்டையில் கேபின் எண்ணை எழுதி அதன் பிடியில் கட்டிவிட்டு, பெட்டியைக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு ஊசி போடும்போது எட்டே கால். பெரிய ஆபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பதினைந்து மாடிக் கப்பல், நாலைந்து ஓட்டல், ஒரு நாடக அரங்கு, நகைக்கடைகூட உண்டு. நம்ம ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை இருக்கும் ஒரு மெடிக்கல் ஷாப் மட்டும் கிடையாது. கப்பல் மருத்துவமனையில் கேட்டிருக்கலாம்தான். அப்பா போடும் அதே வகை அங்கே இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

திரும்பி வந்ததிலிருந்து அலுவலகத்திலும் உறவிலும் யாராவது கப்பல் டிக்கெட் போட்டிருக்கிறோம் என்று சொன்னால் என்னிடம்தான் வருகிறார்கள். எந்த டெக், எந்த ஷோ, சூதாட்டக் கூடம் எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கெல்லாம் யூடியூப் இருக்கிறது. நான் பெட்டியையும் உடம்பையும் பற்றித்தான் பேசுவேன்.

முதலில் பெட்டி போகும் வழி. டிக்கெட்டோடு வரும் பெயர்ச்சீட்டை அச்சிட்டு, மடித்து, பெட்டியின் கைப்பிடியில் ஸ்டேப்ளர் அடித்து ஒட்ட வேண்டும். கேபின் எண் அதில்தான் இருக்கும். டெர்மினலில் பெட்டியை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு எக்ஸ்-ரேயில் சோதித்து, கேபின் வாசலுக்குக் கொண்டுவருவார்கள். மதியம் ஒரு மணிக்கு நாம் ஏறினாலும் பெட்டி வர சாயங்காலம் ஆகலாம், ராத்திரிச் சாப்பாட்டு நேரமும் ஆகலாம். அதுவரை நம் கையில் இருப்பதுதான் நம் உடைமை. பாஸ்போர்ட், மருந்துச் சீட்டு, பயண நாட்களுக்குத் தேவையான மருந்து மொத்தமும், கூடவே மூன்று நாளுக்கு அதிகப்படியாக, மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்று உடை, போன் சார்ஜர். குழந்தைகள் இருந்தால் நீச்சல் உடை. ஏறின கையோடு குளத்தைப் பார்த்துவிட்டு அழும் பிள்ளைகளை அன்றைக்கு நிறையப் பார்த்தேன்.

மாத்திரைகளைக் கிழமை டப்பாவில் போட்டுக்கொண்டு போவது வசதிதான், ஆனால் மருந்துப் பெயர் தெரியும் அட்டைகளும் கூடவே இருக்கட்டும். சிங்கப்பூர் இந்த விஷயத்தில் கறார். சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று நம்ம சமையல்கட்டு சமாச்சாரம்: கசகசா. அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள், மார்ஃபின் சிறு அளவில் இருக்கலாம் என்பதால் போதைத் தடுப்புக் கணக்கில் வருகிறது. நாங்கள் கிளம்புவதற்கு முன்பே தங்கை போனில் அலறிவிட்டாள். அம்மா குருமாப்பொடி டப்பாவைத் திருச்சியிலேயே வைத்துவிட்டு, ஊருக்கு வந்து சேரும்வரை அதைப் பற்றிப் புலம்பினாள்.

சரி, கெட்டிலுக்கு வருவோம். கடலில் போகும் கப்பலுக்குப் புயலைவிடப் பெரிய பயம் தீ. தீயணைப்பு வண்டி வராது, இறங்கி ஓடவும் முடியாது. அதனால் சூடாகும் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி இல்லை. கெட்டில், அயர்ன் பாக்ஸ், வெந்நீர்க் காயில், சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் பிடிபடும். சூடமும் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் அப்படியே. சாமி படம் கொண்டுபோகலாம், விளக்கு ஏற்ற முடியாது. நிறைய பிளக் செருகும் நீள ஒயர்ப் பெட்டியையும், முக்கியமாக மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் வகை என்றால், எடுத்துவைத்துக்கொள்வார்கள். கப்பலின் மின் இணைப்பு வீட்டு இணைப்பு மாதிரி நிலத்தோடு கட்டப்பட்டதில்லை. அந்த வகைப் பெட்டி அங்கே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். சாதாரணமான ஒரு யுனிவர்சல் அடாப்டர் போதும். நம்ம மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மெல்லிய இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் நுழைந்துவிடும். வெந்நீருக்கு? கேட்டால் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து வைக்கிறார்கள். பஃபே கூடத்தில் நாள் முழுக்கக் கொதிநீர் இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் எங்கள் பெட்டி ஆறு மணிக்கே வந்திருக்கும்.

கேபின் சின்னது. நான்கு பக்கமும் இடித்துக்கொள்ளும் அளவு இல்லை என்றாலும், இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து போட்டால் நடக்க இடம் இருக்காது. கட்டிலுக்கு அடியில் நுழையும் மெத்தென்ற பெட்டிதான் நல்லது. சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நான்கு வாங்கிப் போனால் ஈரத்துண்டு, தொப்பி, அம்மாவின் ஜபமாலை எல்லாம் சுவரில் தொங்கும். ஏ.சி. குளிர் கடுமை. ஸ்வெட்டர், சால்வை, காதுக்குப் பஞ்சு என்று அம்மா எடுத்துவந்ததைக் கேலி செய்தேன். இரண்டாம் நாள் அந்தச் சால்வை என் தோளில் இருந்தது.

குளியலறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம்தான். நம்ம ஆட்கள் ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுபோய்விட்டால் நான்கு நாளும் நிம்மதி. கழிவை உறிஞ்சும் அமைப்பு என்பதால், கொடுத்த காகிதத்தைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அடைத்துக்கொள்ளும், பக்கத்து கேபின்களுக்கும் சேர்த்து. அப்புறம், குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு நிலைப்படி இருக்கும். வயதானவர்கள் இரவில் தூக்கக் கலக்கத்தில் தடுக்கி விழும் இடம் அதுதான். அம்மாவுக்காகக் குளியலறை விளக்கை இரவு முழுக்க எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தோம்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கேபினில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி அந்த அளவுக்குக் குளிராமல் போகலாம், கூல்டிரிங்க்ஸ் வைக்கத்தான் அது. முன்கூட்டியே சொன்னால் மருந்துக்கென்று வேறு ஏற்பாடு செய்வார்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனா பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் தாங்கும், வெயில் படாமல் இருந்தால் சரி. விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, உறைந்தால் அந்த இன்சுலின் வீண். பயன்படுத்திய ஊசியைக் குப்பைக்கூடையில் போட்டால் கேபினைச் சுத்தம் செய்யும் பையனின் கையில் குத்தும். கேளுங்கள், அதற்கென்று ஒரு டப்பா தருவார்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பஃபே பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. அப்பா ஒருநாள் மூன்று வகை பாயசம், மன்னிக்கவும், புட்டிங் சாப்பிட்டார்.

இப்போது கை கழுவும் கதை. கப்பல் என்றாலே பயமுறுத்தும் பெயர் நோரோவைரஸ். கப்பல் நோய் என்று பேர் வாங்கினாலும் அது முதலில் கவனத்துக்கு வந்தது ஒரு பள்ளிக்கூடத்தில், 1968-ல், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரில். பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். திடீரென்று வாந்தி, வயிற்றுப்போக்கு. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடங்கிவிடும். வாலிப வயதில் சமாளித்துவிடலாம். சர்க்கரையும் ரத்த அழுத்த மாத்திரையும் இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு உடம்பில் நீர் வற்றுவதுதான் ஆபத்து. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கைந்து கைப்பையில் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

எல்லா வாசலிலும் கைக்கு ஜெல் பீய்ச்சும் கருவி நிற்கும். கொரோனாவுக்குப் பிறகு நமக்கு அதன்மேல் ஒரு பக்தி. ஆனால் ஆல்கஹால் ஜெல்லுக்கு நோரோவைரஸ் அவ்வளவாக அடங்குவதில்லை. சோப்பு, ஓடும் தண்ணீர், 20 விநாடி. இதுதான் அதற்கு மருந்து. படிக்கட்டுக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், பஃபேயில் எல்லோரும் பிடிக்கும் அதே கரண்டி, இவற்றைத் தொட்ட கையால் பூரியைப் பிய்த்துச் சாப்பிடும் ஆட்கள் நாம். தட்டை எடுத்து எல்லாம் பரிமாறிக்கொண்டு, மேஜையில் வைத்துவிட்டு, போய்க் கைகழுவி வந்து உட்காருங்கள். முன்பு கழுவியது கரண்டியைத் தொட்டதோடு போச்சு. அப்பா இதை முதல் நாள் கேலி செய்தார், இரண்டாம் நாள் பக்கத்து மேஜைக்காரருக்கே வகுப்பெடுத்தார்.

இரண்டு கேபின் தள்ளி ஒரு குடும்பத்தில் பையனுக்கு மூன்றாம் நாள் காலையில் வாந்தி. கப்பலில் சொல்லவே இல்லை. சொன்னால் அறையிலேயே அடைத்துவிடுவார்கள், புக்கெட் பார்க்க முடியாது என்ற பயம். அந்த அம்மா என்னிடம் ரகசியமாக மாத்திரை கேட்டார். எனக்கு அவர்கள்மேல் பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது. அறையில் இருக்கச் சொல்வார்கள், உண்மைதான். சாப்பாடு வாசலுக்கு வரும், வாந்தி நின்று ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே விடுவார்கள். அந்தப் பையன் பிடித்த லிஃப்ட் பொத்தானை அப்பாவும் பிடிப்பாரே. 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள், 700 பேருக்கு மேல் கொரோனா தொற்றியது. மூடிய இடத்தில் ஒருவர் உடம்பு எல்லோர் உடம்பும்தான். கடைசியில் நானே பேசி, அவரைக் கப்பல் மருத்துவரிடம் அனுப்பினேன். பையனுக்கு வெறும் அஜீரணம் என்று மதியமே விட்டுவிட்டார்கள், அது வேறு.

கப்பல் மருத்துவமனை இலவசம் இல்லை. கட்டணம் நேராகக் கேபின் கணக்கில் ஏறும், இறங்கும்போது கட்டிவிட்டு, ரசீதை வைத்துக் காப்பீட்டில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் எடுத்திருக்கும் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். பயணக் காப்பீடு தனியாக எடுங்கள். எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்கு இது பணம் தருமா? நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரிலோ படகிலோ கரைக்குக் கொண்டுபோனால் அதற்குத் தருமா? இரண்டாவது கேள்விக்கு முகவர்கள் பலர் விழிப்பார்கள். எழுத்தில் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இன்னொரு கணக்கு. பயணம் முடிவதற்குள் 24 வாரம் ஆகிவிடும் என்றால் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கும் அப்படித்தான்.

தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா'வில் பினாங்குக்குப் போனவர். 1926-ல் கட்டிய கப்பல் அது, 1970-களின் தொடக்கம்வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அவருக்குக் கேபின் எல்லாம் இல்லை, டெக்கில் பாயை விரித்த இடம்தான் அறை. அவர் கொண்டுபோன மருந்து, சுக்கும் ஓமமும் ஒரு புட்டி நீலகிரித் தைலமும். பினாங்குக்குப் பக்கத்து ஜெரெஜாக் தீவில் அப்போதெல்லாம் தொற்று இருக்கும் என்று சந்தேகப்பட்ட பயணிகளைத் தடுத்துவைப்பார்கள் என்று சொல்வார். அவர் இறங்கிய ஊரில் அவர் மகன் பெர்முடாவும் கூலிங்கிளாஸுமாக இறங்கினார். ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் வாசலில் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அம்மா அந்தத் தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பைக் கண்டுபிடித்து, வலிநிவாரணத் தைலம் வாங்கிக்கொண்டாள். நிம்மதி முகத்தில் தெரிந்தது.

தாத்தாவின் சுக்கு வீண்போகவில்லை. மலாக்கா நீரிணை குளம் மாதிரிதான் இருந்தது. புக்கெட்டை நெருங்கி அந்தமான் கடலுக்குள் போனதும் ஆட ஆரம்பித்தது. மே முதல் அக்டோபர்வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கம் வேலையைக் காட்டும். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில்தான் ஆட்களை இறக்கும், அலை அதிகம் என்றால் இறக்காமலே திரும்பிவிடும். தலைசுற்றலுக்குப் பயந்தவர்கள் டிக்கெட் போடும்போதே நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேட்க வேண்டும். சீ-சா பலகையின் நுனியில் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு, அவ்வளவுதான் தத்துவம். உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, அறைக்குள் கண்ணுக்கு எதுவும் ஆடவில்லை. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் சமரசம். குமட்டலைத் தடுக்கும் அவோமின் மாத்திரை போடுவதென்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். தூக்கம் தள்ளும். புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. அம்மா மாத்திரை வேண்டாம் என்று இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு, டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு வாந்திகூட எடுக்காமல் கடந்துவிட்டாள்.

புக்கெட்டில் இன்னொரு கண்ணி உண்டு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. கரையில் கால் வைத்ததும் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கடைசிப் படகு நாலு மணிக்கு என்றால் போனில் அப்போது மூன்று. போனை நம்பிக் கடைவீதியில் நின்றால் கப்பல் கையசைத்துவிட்டுப் போய்விடும். அப்பாவின் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஏறின அன்றே கப்பல் நேரத்துக்குத் திருப்பிவைத்திருந்தார். போன் விஷயத்தில் இன்னொன்று: கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையில் தானாக ஒட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் கண்ணைக் கட்டும். ஏறியதும் ஃபிளைட் மோட். சிங்கப்பூர் விசா பல முறை நுழைவுக்கானதா என்றும் பாருங்கள், கப்பல் திரும்பி வருவது புது நுழைவுக் கணக்கு.

ஏறிய அன்று நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஏழு குட்டைச் சங்கும் ஒரு நீளச் சங்கும் ஊதினால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றைக்கு ஏறிய பயணிகளுக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. நாங்கள் அப்பாவின் மருந்துப் பையை உயிர்காப்பு அங்கிக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்தோம். காந்தக் கொக்கியில்தான்.

கடைசி இரவு பெட்டிகளைப் பன்னிரண்டு மணிக்குள் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். காலையில் அவை டெர்மினலில் கிடைக்கும். இரவோடு இரவாகப் பெட்டி போய்விடும் என்பதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் அதில் அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மேஜை மதுரைக்காரர் மறுநாள் காலை இட்லி கிடைக்குமா என்று தேடி வந்தபோது மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கட்டம்போட்ட லுங்கி, காலில் கப்பல் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்பு. "பேண்ட் ஷூ எல்லாம் எனக்கு முன்னாடியே கீழ போயிருச்சு தம்பி" என்று பரிமாறும் பையனிடம் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தார். அவன் பிலிப்பைன்ஸ்காரன், ரொம்பவும் மரியாதையாகத் தலையாட்டினான்.

இறங்கும் வழியில் ஒரு மேஜை, அதன்மேல் வரிசையாகக் கெட்டில்கள், அயர்ன் பாக்ஸ்கள், ஒரு குட்டி ரைஸ் குக்கர். அம்மா தூரத்திலிருந்தே தன்னுடையதை அடையாளம் கண்டு, முட்டிவலியையும் மறந்து வேகமாக நடந்தாள். திருச்சியில் இப்போது அது அடுப்பு மேடையில் இருக்கிறது. கேபின் எண் எழுதிய அட்டை இன்னும் பிடியில் தொங்குகிறது. யாராவது வந்து என்ன இது என்று கேட்டால், "கப்பல்ல கட்டுனது" என்கிறாள்.